மாடியில் குடியிருப்பவர்

அளக்க வந்த இளைஞன் வெள்ளிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து வந்தான். வேறு எந்த நாள் பகலில் வந்திருந்தாலும் மாடிக் கொடியில் துணி கிடந்திருக்காது. மாடி அறைக் கதவு திறந்திருக்காது. செல்லக்கிளியும் படியில் நின்றிருக்க மாட்டாள். அவன் பாட்டுக்குச் சுவரோரம் நாடாவைப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பான்.

காளவாசலிலிருந்து மேற்கே போகிற சாலையில், பெட்ரோல் பங்கைத் தாண்டி உள்ளே இறங்கும் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு அது. கீழே இரண்டு அறையும் சமையற்கட்டும். வெளிச்சுவரை ஒட்டி ஏறும் படி. மேலே ஒற்றை அறை, அதற்கு முன்னால் மொட்டைமாடி. அங்கே நின்றால் சமணர் மலையின் முதுகு தெரியும்.

"அம்மா, வீட்டு வரிக்கு அளக்க வந்திருக்கோம்" என்று கீழிருந்து குரல் கொடுத்தான் அந்த இளைஞன். கழுத்தில் தொங்கிய அட்டையில் முகேஷ் என்று பெயர் இருந்தது. "மேல யாரு இருக்கா?"

செல்லக்கிளியின் கையில் அப்போதுதான் கொடியிலிருந்து எடுத்த தாவணி இருந்தது, பாவாடை இன்னும் கொடியில் கிடந்தது. வெயில் குடித்த சூடு இன்னும் துணியில் மிச்சமிருந்தது. அவளுக்குப் பின்னால் அறைக் கதவு திறந்து கிடந்தது. அவன் என்ன கேட்கிறான் என்பது அவளுக்கு நன்றாகவே விளங்கியது. நடமாடுகிற ஆட்களைப் பற்றித்தான் கேட்கிறான். ஆனால் அந்தக் கதவு திறந்திருக்கும்போது, அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு பதில் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"என் தங்கச்சி இருக்கு" என்றாள்.

"தனியாவா இருக்காங்க?"

"தனியாத்தான்."

"கல்யாணம் ஆகலையா?"

"ஆகலப்பா. படிச்ச புள்ள."

அவன் போனில் ஏதோ தட்டினான். எதிர்வீட்டு கனகா வாசலில் பூக்கட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் ஒரு வார்த்தை போடாவிட்டால் அவளுக்குச் சோறு செரிக்காது.

"ஏந்தம்பி, ஆளுகளை எண்ணவா வந்தீக? எங்க வீட்டுல மாமியா ஒண்ணு இருக்கு. அதையும் எழுதிக்கங்க. வரிக்குப் பதிலா அதையே கூட்டிக்கிட்டுப் போனாலும் சரிதான்."

முகேஷ் சிரித்தான். மேலே ஏறி வந்தவனை செல்லக்கிளி உள்ளே விடவில்லை. "பத்துக்குப் பன்னெண்டு. எங்க வீட்டுக்காரரு கட்டுனது, எனக்குத் தெரியும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவன் வெளியே நின்றபடி கொடியையும் கதவையும் படம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

தமிழ்வாணி இறந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

கீழக்குயில்குடியில் அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். செல்லக்கிளி மூத்தவள். பருத்திக்குப் போய்க்கொண்டே எட்டாவதோடு நின்றவள். தமிழ்வாணி பன்னிரண்டாவது வரை போனாள். அவள் நோட்டில் எழுதிய ஆங்கில எழுத்துகளை ஆத்தாள் அடுப்படியில் உட்கார்ந்து விரலால் தடவிப் பார்ப்பாள். தங்கையின் மேற்படிப்புக்காகத்தான் செல்லக்கிளி திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறவரோடு பஸ் ஏறினாள். ஏறும்போது தமிழ்வாணி வந்து வழியனுப்பினாள். அக்காளின் தலையை வாரிப் பின்னிவிட்டு, "அங்க போயி இந்தப் பேன் கூட்டத்தை எல்லாத்துக்கும் பங்கு வச்சுராத" என்று சொன்னாள். அதுதான் கடைசியாகக் கேட்ட பேச்சு.

மஞ்சள் காமாலை. ஊரில் மூலிகை கொடுத்தார்கள், அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கம்பெனிக்குப் போன் வந்தது. ஏற்றுமதிச் சரக்கு போகிற நேரம் என்று மேற்பார்வையாளர் அந்தச் சேதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். செல்லக்கிளி ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் பந்தல் பிரித்த குழி மட்டும் இருந்தது. உள்ளே மூலையில் ஆத்தாள் ஒரு ஓலைப்பெட்டியை வைத்து, அதற்கு முன்னால் விளக்கேற்றியிருந்தாள். பெட்டிக்குள் புதுப் பாவாடை, தாவணி, வளையல், சாந்துப்பொட்டு, சீப்பு, கண்ணாடி.

"தங்கச்சி எங்கத்தா?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"இங்கதான் இருக்கா" என்று ஆத்தாள் பெட்டியைக் காட்டினாள்.

அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணை வெளியே விட மாட்டார்கள், வீட்டிலேயே கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். செத்துப்போனாள் என்று வாயால் சொல்ல மாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை புதுத்துணி எடுத்துப் பெட்டியில் வைத்துப் பொங்கலிட்டுப் படைப்பார்கள். பழைய துணியை வீட்டுப் பெண்பிள்ளைகள் யாராவது உடுத்திக்கொள்வார்கள். மற்ற நாளெல்லாம் பெட்டி பெட்டியாகவே இருக்கும், வீடு வீடாக இருக்கும்.

செல்லக்கிளிக்கு மட்டும் அது அப்படி நிற்கவில்லை. ஊரில் எல்லோரும் தமிழ்வாணியின் முகத்தைக் கடைசியாகப் பார்த்து, அழுது, மண் போட்டுவிட்டு வந்தவர்கள். அவள் பார்க்கவில்லை. அவளைப் பொறுத்தவரை பஸ் நின்ற இடத்தில் கையை ஆட்டிக்கொண்டு நின்ற பெண் எங்கும் போகவில்லை. ஆத்தாள் "இருக்கா" என்றாள். இருக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டாள்.

கொத்தனார் முத்திருளனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். மருது பிறந்தான். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது. ஆத்தாள் சாகும்போது பெட்டியை அவள் கையில் கொடுத்தாள். கட்டட வேலைகளில் மிஞ்சிய செங்கல்லையும் கம்பியையும் சேர்த்துச் சேர்த்துத்தான் முத்திருளன் அந்த வீட்டை எழுப்பினார். கீழே ஓடு மட்டும் போட்டுக் குடிவந்தவர், ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டபோது மேலே ஒரு அறையையும் கட்டினார். "உன் தங்கச்சி வீட்டுல நம்ம கீழ வாடகைக்கு இருக்கோம்டி" என்று கேலி செய்வார். ஆனால் ஒருநாளும் அந்தப் படியில் செருப்போடு ஏறியதில்லை.

துணி வாராவாரம் வெளுக்கப்பட்டது. வெள்ளி விடியற்காலையில் பெட்டித் துணியை எடுத்து, மாடிக் குழாயடியில் அலசிக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் வந்து மடித்து வைப்பாள். கொஞ்ச நேரம் அங்கே இருந்துவிட்டு, சின்ன பல்பைப் போட்டுவிட்டுக் கீழே வருவாள். முத்திருளன் மாரடைப்பில் போன பிறகு அந்தக் கொஞ்ச நேரம் வளர்ந்தது. மற்ற கிழமைகளுக்கும் பரவியது. மருது காளவாசலில் பைக் ஷோரூம் வேலை முடிந்து வந்து, "அம்மா, பசிக்குது" என்று கீழிருந்து கத்தும்வரை அவள் மேலேயே இருந்தாள்.

வரி நோட்டீஸ் மருது கையில்தான் கிடைத்தது. நின்றவாக்கிலேயே படித்தான். மறுபடி படித்தான்.

"மேல தனிக் குடித்தனமாம். வாடகைக்கு விட்டிருக்கமாம். ஒரேயடியா ஏத்தி வச்சிருக்காய்ங்க. யாரும்மா சொன்னது?"

செல்லக்கிளி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உன்னத்தாம்மா கேக்குறேன்."

"அளக்க வந்த தம்பி கேட்டுச்சு. சொன்னேன்."

"என்னன்னு சொன்ன?"

"தங்கச்சி இருக்குன்னு."

சித்தியை மருது பார்த்ததில்லை. ஆனால் நினைவு தெரிந்ததிலிருந்து அவன் தலைக்கு மேல் ஒரு அறையில் அவள் இருந்தாள். சின்ன வயதில் சத்தமாக விளையாடினால் அம்மா மேலே பார்த்து, "மெதுவாடா" என்பாள். பரீட்சைக்குப் போனால் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகச் சொல்வாள். அதையெல்லாம் அவன் செய்துவிட்டான். இப்போது அரசாங்கத்திலும் அவளுக்குக் கணக்கு எழுதியாயிற்று.

வாசலில் நின்ற கனகாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. "ஏக்கா, வாடகை வாங்குறேன்னு எனக்குச் சொல்லவே இல்லையே. தங்கச்சிக்கு ஆதார் எடுத்துட்டியா? மகளிர் தொகைக்கும் ஒரு மனு போட்டு விட்ரு."

"நீ உன் சோலியப் பாரு" என்றாள் செல்லக்கிளி. கனகா சிரித்துக்கொண்டே போனாலும், போகும்போது ஒருதரம் மாடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மனு எழுதினால் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று ஷோரூமில் ஒருவர் மருதுவுக்குச் சொல்லியிருந்தார். வீடு அம்மா பேரில் இருந்ததால் அம்மாதான் பதில் சொல்ல வேண்டும்.

"ஒரே வார்த்தைதாம்மா. மேல யாரு குடியிருக்கான்னு கேப்பாங்க. யாரும் இல்லன்னு சொல்லு. முடிஞ்சுபோச்சு."

"அப்படி எப்படிடா சொல்ல?"

"பின்ன எப்படிச் சொல்லுவ? வருசா வருசம் இல்லாத ஆளுக்கு வரி கட்டணுமா? நீ வாங்குற சம்பளத்துல அது ஆகுமா, நான் வாங்குறதுலதான் ஆகுமா?"

"இல்லாத ஆளுன்னு சொல்லாத."

"சரி, சொல்லல. ஆனா அங்க நீ சொல்லு."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் தட்ட முடியவில்லை. மனு போட்டான். விசாரணைக்கு நாள் குறித்து வந்தது.

செல்லக்கிளி அந்த வார்த்தையைப் பழகத் தொடங்கினாள். வீட்டுக்குள் எங்கே நின்று சொன்னாலும் மேலே கேட்டுவிடும்போல் இருந்தது. குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே, "யாரும் இல்ல மேடம்" என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் குழாயை மூடிக் காது கொடுத்தாள். மேலே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் பயமாக இருந்தது. கோபித்துக்கொண்டு ஒரு பாத்திரமாவது உருளக் கூடாதா என்று நினைத்தாள்.

சத்துணவுக் கூடத்தில் பருப்பு வேகும்போதும் சொல்லிப் பார்த்தாள். உடன் வேலை பார்க்கும் முனியாயி, "யாரு இல்லங்கிற? பிள்ளைக கணக்கு கொறையுதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கூடத்தில் பழகவில்லை. ஆனால் அந்த வார்த்தை அவளைப் பழகிக்கொண்டது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, அரிசி களையும்போது, அவள் கூப்பிடாமலே வந்தது. இரவில் படுத்தால் காதுக்குள் வேறு யாரோ சொல்வதுபோல் கேட்டது. மாடிக்குப் போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். வாயில் அந்த வார்த்தை ஒட்டியிருக்கும் என்று ஒரு எண்ணம்.

அந்த வெள்ளிக்கிழமை துணியை அலசும்போது தாவணி கிழிந்தது. கல்லில்கூட அடிக்கவில்லை, பிழிந்தாள், அவ்வளவுதான். ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு விட்டுப்போயிற்று. "பொறுத்துக்கடி. பேப்பருக்குத்தான் சொல்றேன்" என்று ஈரத்துணியிடம் சொன்னாள்.

விசாரணை நாளில் வரி அலுவலக வராந்தாவில் கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் அதிகாரி. ஐரின் மேடம் என்று வெளியே சொன்னார்கள். கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை. மேசை ஓரத்தில் திறக்காத டிபன் டப்பா. முகேஷும் ஓரமாக நின்றான்.

"சொல்லுங்கம்மா. உங்க வீட்டு மாடியில யாரு குடியிருக்கா?"

செல்லக்கிளி வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பழகிய வார்த்தை முழுசாக வாய்க்குள்ளேயே நின்றது.

"எங்கம்மாவுக்குக் கூச்சம் மேடம்" என்று மருது முந்தினான். "அது எங்க சித்தி. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. இவங்க சாமியா கும்புடுறாங்க."

"நீங்க இருங்க தம்பி. வீடு யார் பேர்ல இருக்கோ அவங்க சொல்லணும்." ஐரின் மேடம் முகேஷைப் பார்த்தாள். "நீங்க எதை வச்சு எழுதுனீங்க?"

"இவங்களே சொன்னாங்க மேடம். தங்கச்சி தனியா இருக்குன்னு. நானும் பார்த்தேன். கொடியில துணி காஞ்சுச்சு. சாமிக்கு வைக்கிற புதுத்துணி இல்ல மேடம், உடுத்தி உடுத்திப் பழசான துணி. அது யாரோ போட்டுக்கிறதுதான்."

அவன் பொய் சொல்லவில்லை. படத்தையும் காட்டினான். ஐரின் மேடம் படத்தைப் பார்த்தாள், செல்லக்கிளியைப் பார்த்தாள்.

"இறப்புச் சான்றிதழ் இருக்காம்மா?"

"கூலிக்காரச் சனம் மேடம். அந்தக் காலத்துல யாரு அதெல்லாம் வாங்குனா" என்றான் மருது.

"எந்த வருசம், என்ன தேதி?"

மருது அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். செல்லக்கிளிக்குத் தெரியவில்லை. அவள் எப்போதும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அது நடந்தது என்றாகிவிடும்.

"சரி. நானே நேர்ல வந்து பார்க்குறேன்" என்றாள் ஐரின் மேடம்.

அவள் வந்தது காலை நேரத்தில். கனகா வீட்டு ஜன்னலில் அந்தக் குடும்பம் மொத்தமும் தெரிந்தது. மருது லீவு போட்டிருந்தான். படிக்குக் கீழே வந்ததும் யாரும் சொல்லாமலே ஐரின் மேடம் செருப்பைக் கழற்றினாள். மேலே ஏறித் தண்ணீர்க் குழாயைப் பார்த்தாள். தனி மீட்டர் இருக்கிறதா என்று பார்த்தாள். அடுப்பு இல்லை, கழிவறை இல்லை. ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள்.

"உள்ள வரலாமாம்மா?"

செல்லக்கிளி தலையாட்டினாள். முத்திருளனுக்குப் பிறகு அந்த அறைக்குள் வேறொரு ஆள் வருவது அதுதான் முதல் தடவை. மருது நிலைக்கு வெளியே நின்றுகொண்டான்.

சுவரோரம் ஓலைப்பெட்டி. அதன்மேல் வாடிய மல்லிகை. எதிரே பாய், தலையணை. ஜன்னல் திட்டில் ஒரு கண்ணாடி, சீப்பு, பாதி தேய்ந்த சோப்பு, தைலக் குப்பி. தண்ணீர்ச் செம்பு. காலண்டரில் கிழிக்க வேண்டிய தாள்கள் ஒழுங்காகக் கிழிக்கப்பட்டிருந்தன. ஐரின் மேடம் எதையும் தொடாமல் எல்லாவற்றையும் பார்த்தாள். அந்தப் பையன் சொன்னதுதான் சரி என்று இவளும் சொல்லப்போகிறாள். இங்கே ஒருத்தி இருக்கிறாள், படுக்கிறாள், எழுந்து தலை வாருகிறாள் என்று எழுதப்போகிறாள். வரி ஏறட்டும், மருது திட்டட்டும். தங்கையை ஒருநாளும் பார்க்காத கண்ணால் பார்த்து, இருக்கிறாள் என்று வெளியாள் ஒருத்தி சொல்லட்டும். அப்படித் தான் ஆசைப்படுவது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"துணியப் பார்க்கலாமா?"

பெட்டியைத் திறந்து தாவணியை எடுத்துக் கொடுத்தாள். ஐரின் மேடம் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அரக்கு நிறம் எங்கோ மடிப்புக்குள் கொஞ்சம் தங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் ஜன்னல் கம்பி அதன் வழியாகத் தெரிந்தது.

"எத்தனை வருசத்துத் துணிம்மா?"

"ஆத்தா வச்சது. நான் மாத்தல மேடம்."

"இதை யாரு உடுத்துறது?"

"யாரும் உடுத்துறதில்ல."

"யாரும் உடுத்தாத துணி எப்படி இவ்வளவு நைஞ்சுபோகும்?"

"தொவச்சுத் தொவச்சு…" என்று தொடங்கிய செல்லக்கிளி நிறுத்திக்கொண்டாள்.

ஐரின் மேடம் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் திட்டுக்குப் போனாள். சீப்பைக் குனிந்து பார்த்தாள். பற்களுக்கு நடுவே முடி சுற்றியிருந்தது. தலையணையின் உறையில் தலை வைத்த இடம் எண்ணெய் ஏறிக் கருத்திருந்தது. அங்கேயும் ஒரு முடி. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"தங்கச்சிக்கு என்ன வயசும்மா?"

"பத்தொம்பது."

"இந்த முடி நரைச்சிருக்கே."

செல்லக்கிளி அந்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

"முட்டி வலித் தைலம் இருக்கு. வெள்ளெழுத்துக் கண்ணாடி இருக்கு" என்று ஐரின் மேடம் மெதுவாகச் சொன்னாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. பார்த்ததைச் சொல்லும் குரல். "அந்தத் தம்பி எழுதுனது ஒண்ணும் தப்பில்ல. இந்த ரூம்ல ஆள் இருக்கு. நீங்கதாம்மா இருக்கீங்க."

வாசலில் மருது அசைந்து நின்றான்.

"சொந்த உபயோகம்னு எழுதுறேன். வாடகை இல்ல, தனிக் குடித்தனம் இல்ல. உங்க வீடு, நீங்க இருக்கீங்க. பழைய வரிதான் வரும்."

அவள் எழுதினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைச் செல்லக்கிளிக்குக் காட்டினாள். யாரும் இல்லை என்று அவளைச் சொல்லச் சொல்லவே இல்லை. செல்லக்கிளி கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கேட்டாள்:

"அப்ப அவ எங்க மேடம்?"

ஐரின் மேடம் கைப்பையை மாட்டியவள் நின்றாள். பதில் சொல்வது அவள் வேலை இல்லை. சொல்லாமல் போயிருக்கலாம்.

"எனக்குத் தெரியாதும்மா. நாங்க நவம்பர்ல கல்லறைக்குப் போவோம். மெழுகுவத்தி வைப்போம். எங்கம்மா எங்க இருக்காங்கன்னு யாராச்சும் கேட்டா அந்த இடத்தக் காட்டுவேன்." பேனாவை மென்மையாக வாங்கிக்கொண்டாள். "உங்க தங்கச்சிய வச்ச இடத்துக்கு நீங்க போயிருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

ஐரின் மேடம் இறங்கிப் போனாள். மருது வண்டி வரை போய் வழியனுப்பிவிட்டு, "முடிஞ்சுருச்சும்மா" என்று படியேறி ஓடி வந்தான். அம்மா பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகத் தலை வைக்கிற இடத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள், தெரியாத ஒருவரின் படுக்கையைத் தொடுவதுபோல. அவன் இறங்கிப் போய்ச் சோறு வைத்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் மாடிக்குப் போனாள். ஆனால் நிலையைத் தாண்டவில்லை. பல்பைப் போட்டுவிட்டு வந்தாள். முன்பெல்லாம் அந்த அறையில் ஒரு மூச்சு கேட்கும். அது யாருடைய மூச்சு என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. வெளியே நின்று கேட்டால் உள்ளே ஒன்றுமே கேட்கவில்லை. இத்தனை வருடமும் பேசியதெல்லாம், புலம்பியதெல்லாம், முத்திருளனைப் பற்றிச் சொன்ன குறைகள்கூட, யாரிடம் போய்ச் சேர்ந்தன? ஆவிக்கு அவள் ஒருநாளும் பயந்ததில்லை. ஆவி இல்லாத அறைக்குப் பயந்தாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று: தங்கை வேறெங்கோ இருந்திருந்தால், இத்தனை வருடமும் ஒருத்தரும் எட்டிப் பார்க்காமல் அங்கே கிடந்திருந்தால்.

ஞாயிற்றுக்கிழமை மருது பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"வண்டிய எடு."

"எங்கம்மா?"

"குயில்குடிக்கு. ஒச்சாயி சின்னம்மாவப் பாக்கணும்."

ஒச்சாயி ஆத்தாளின் தங்கை. கண் மங்கி, இடுப்பு வளைந்து, மகன் வீட்டுக் கொட்டகையில் கட்டிலில் இருந்தாள். யாரென்று தெரிந்ததும், "வாத்தா, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று கையைப் பிடித்தாள். செல்லக்கிளி உட்காரவில்லை.

"சின்னம்மா, வாணிய எங்க வச்சாக?"

கிழவியின் பிடி தளர்ந்தது. "நீ கேக்கவே இல்லையேத்தா. கேக்காதவகிட்ட எப்படிச் சொல்ல?" என்றாள்.

"இப்பக் கேக்குறேன்."

மருது கிழவியைப் பைக்கில் முன்னும் பின்னுமாகப் பிடித்து உட்காரவைத்து உருட்டிக்கொண்டு வந்தான். செல்லக்கிளி பக்கத்தில் நடந்தாள். மலைக்கு அந்தப் பக்கம், கண்மாய்க்கரை தாண்டிய பொட்டலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் ஒச்சாயி. பொட்டல் என்பது பெயருக்குத்தான். கருவேல முள் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. நடுநடுவே ஆடு போன தடம். ஒரு கல்லோ மேடோ கண்ணில் படவில்லை.

"நாந்தான் குளுப்பாட்டுனேன்" என்றாள் கிழவி. "ஒடம்பெல்லாம் மஞ்ச. மஞ்ச பூச வேண்டியதே இல்லாமப் போச்சு. அக்கா வரட்டும், அக்கா வரட்டும்னு உங்காத்தா எடுக்க விடல. பொழுது எறங்குற மட்டும் வச்சிருந்தோம். அதுக்கு மேல வைக்க முடியலத்தா."

செல்லக்கிளி முதன்முறையாக அதைக் கேட்டாள். தங்கை காத்திருந்திருக்கிறாள். அறையில் இல்லை. கட்டிலில், வாசலில், வெயிலில்.

"எந்த எடம் சின்னம்மா?"

ஒச்சாயி கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தாள். "அப்ப இங்கன ஒரு வேம்பு நின்னுச்சு. வேம்புக்குத் தெக்க. வேம்ப எப்பவோ வெட்டிட்டாய்ங்க." கை வலப்பக்கம் போனது, பிறகு இடப்பக்கம் வந்தது. "இந்தா, இங்கிட்டுத்தான். இல்ல… அங்கிட்டா இருக்குமோ. இதுக்குள்ளதாண்டி எங்கயோ."

மருது முள்ளை விலக்க ஒரு கம்பு தேடினான். செல்லக்கிளி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"முள்ளும்மா" என்றான் அவன்.

அவள் கேட்டதாகத் தெரியவில்லை. முள்ளுக்குள் ஒரு அடி எடுத்து வைக்கக் காலைத் தூக்கினாள். தூக்கிய காலைக் கீழே வைக்க மனம் வராமல், கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரியாத அந்த மண்ணைப் பார்த்தபடி, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.